நீங்க எழுதுறது எந்த கேட்?

நெய்வேலியில் மூன்று கேட் உண்டு. ஒன்று, பஸ் நிற்கும் ஆர்ச் கேட். இரண்டாவது, இன்ஜினீயரிங் முடிப்பவர்கள் எழுதும் கேட். மூன்றாவது, ஐ.ஐ.எம்.மில் எம்.பி.ஏ. படிக்க எழுதும் கேட். இங்கிலீஷில் மூன்றாவதுக்கு மட்டும் ஸ்பெல்லிங் வேறு. தமிழில் எழுதினால் எல்லாம் ஒரே கேட்தான்! குழப்பம் வேண்டாம், இந்தக் கட்டுரை முழுக்க மூன்றாவதை 'பூனை கேட்' என்றே வைத்துக்கொள்வோம். ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் மன்னிப்பார்களாக.

டவுன்ஷிப்பில் யாரிடமாவது "அங்கிள், கேட்டுக்குப் படிக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "சபாஷ் தம்பி, என்.எல்.சி.க்குதானே?" என்பார். அவர் கேட்பதில் தப்பில்லை. 1956-ல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து இந்த ஊரில் வேலை என்றாலே ஒன்றுதான். சுரங்கம், இல்லையென்றால் அனல்மின் நிலையம். அப்பா அங்கே, சித்தப்பா அங்கே, எதிர் குவார்ட்டர்ஸ் மாமாவும் அங்கே. பிள்ளை இன்ஜினீயரிங் முடித்து கேட் எழுதி அதே கேட்டுக்குள் போக வேண்டும் என்பது எழுதப்படாத சிலபஸ்.

ஆனால், அந்த வழி இப்போது அவ்வளவு அகலம் இல்லை. 1962-ல் மின்சாரம் தயாரிக்கத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது. 2022-ல் கேட் ஸ்கோரை வைத்து 300 பட்டதாரி இன்ஜினீயர்களை எடுக்க என்.எல்.சி. முன்வந்தபோது, போட்டி அகில இந்திய அளவில் இருந்தது. பட்டியலில் தமிழ்நாட்டு மாணவர்கள் மிகமிகக் குறைவு என்று இங்குள்ள கட்சிகள் குரல் எழுப்பியது பலருக்கு ஞாபகம் இருக்கும். சுரங்கம் நம்ம ஊரில் இருக்கலாம். க்யூ டெல்லியிலிருந்து நிற்கிறது!

டவுன்ஷிப்பில் வளர்ந்த ஒரு ஃபைனல் இயர் மெக்கானிக்கல் மாணவியிடம் பேசினேன். பூனை கேட்டுக்குத் தயாராகிறார். காரணம் கேட்டேன். தன்னம்பிக்கைப் பேச்சு எதுவும் வரவில்லை.

"அப்பா ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு. அதுக்கப்புறம் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். பொறந்து வளர்ந்த ஊருன்னு பெருமையா சொல்றோம். ஆனா இங்க எங்களுக்குன்னு ஒரு செங்கல்கூடக் கிடையாதுங்க. அதுக்குள்ள நான் எங்கேயாவது ஒரு இடத்துல நின்னாகணும்."

அவர் அப்பா கேட்ட ஒரே கேள்வி: "பாஸ் பண்ணிட்டா வேலை நிச்சயமாம்மா?"

சிக்கலே அங்கேதான். பூனை கேட்டில் பாஸ் என்று ஒன்று கிடையாது. எல்லாம் பர்சென்டைல். நீங்கள் எத்தனை மார்க் என்பதைவிட, எத்தனை பேரை முந்தினீர்கள் என்பதே கணக்கு. 2024-ல் 3.29 லட்சம் பேர் பதிவு செய்து, 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். அதில் 99 பர்சென்டைல் வாங்கியவருக்குச் சமமாகவோ மேலாகவோ இன்னும் கிட்டத்தட்ட மூவாயிரம் பேர் இருப்பார்கள். 99 வாங்கியும் அகமதாபாத்திலிருந்து இன்டர்வியூ அழைப்பு வராதவர்கள் உண்டு. பத்தாவது, ப்ளஸ் டூ மார்க்கையும் பல ஐ.ஐ.எம்.கள் பார்க்கின்றன. போதாததற்கு, இன்ஜினீயர் அல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் சில ஐ.ஐ.எம்.களில் கூடுதல் புள்ளி உண்டு. பசங்களா, பெருமூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம் நல்ல செய்தி. அதே 2024 தேர்வில் மொத்தம் 68 கேள்வி, 204 மார்க். அதில் ஏறக்குறைய பாதி மார்க் எடுத்தவர்களே 99 பர்சென்டைலைத் தொட்டார்கள். ப்ளஸ் டூவில் 'ஒரு கேள்வியையும் விடாதே' என்று நம்மை அடித்து வளர்த்தார்கள் இல்லையா? அந்தப் பழக்கம் இங்கே ஆளைக் கவிழ்க்கும். விடத் தெரிந்தவனுக்குத்தான் இந்தப் பரீட்சை.

சின்னக் கணக்கு போடுவோம். சரியான விடைக்கு 3 மார்க், நாலு ஆப்ஷன் உள்ள கேள்வியில் தப்புக்கு மைனஸ் 1. கண்ணை மூடிக்கொண்டு நாலு கேள்விக்கு டிக் அடித்தால், சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு. பிளஸ் 3, மைனஸ் 3. கையில் பூஜ்யம். ஆனால், ஒவ்வொன்றிலும் ஒரு ஆப்ஷன் நிச்சயம் தப்பு என்று கழித்துவிட முடிந்தால், மூன்று கேள்விக்கு ஒரு மார்க் லாபம். ஆப்ஷனே இல்லாமல் விடையை டைப் செய்யும் கேள்விகளும் உண்டு. அவற்றுக்கு மைனஸே கிடையாது. அதை வெறுமனே விடுவது பாவம்.

கணக்குப் பகுதியைப் பார்த்து இன்ஜினீயர்கள் பயப்பட ஒன்றுமில்லை. இன்டக்ரேஷன் கிடையாது, லாப்லாஸ் கிடையாது. பெரும்பாலும் பத்தாம் வகுப்புச் சரக்குதான். நம்ம ஊர் ஸ்டைலில் ஒன்று: சுரங்கத்தில் தண்ணீர் நிறைந்த ஒரு குட்டை. ஒரு பம்ப் அதை 12 மணி நேரத்தில் காலி செய்யும். இன்னொன்று 15 மணி நேரத்தில். அடியில் இருக்கும் ஊற்றோ, காலிக் குட்டையை 20 மணி நேரத்தில் நிரப்பிவிடும். மூன்றும் சேர்ந்து ஓடினால் எப்போது காலியாகும்? எக்ஸ், ஒய் என்று ஆரம்பித்தால் இரண்டு நிமிஷம் போச்சு. குட்டையில் 60 குடம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 5 குடம், 4 குடம் வெளியே. 3 குடம் உள்ளே. நிகரம் 6 குடம். பத்து மணி நேரம். முடிந்தது!

நம் ஆட்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கிலீஷில். தேர்வின் இரண்டு மணி நேரத்தில் முதல் 40 நிமிஷமே அதுதான். 24 கேள்வியில் 16 கேள்வி, நாலு நீளமான கட்டுரைகளைப் படித்துவிட்டு விடை சொல்ல வேண்டியவை. தத்துவம், சமூகவியல், பறவைகளின் மூளை என்று எதை வேண்டுமானாலும் தருவார்கள். கிராமர் ரூல் மனப்பாடம் செய்தால் வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு பகுதிக்கும் தனி கட் ஆஃப் வேறு. கணக்கில் சிங்கமாக இருந்து இங்கிலீஷில் வழுக்கினால் மொத்தமும் போச்சு.

இதற்கு அந்த மாணவி கண்டுபிடித்திருக்கும் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. தினமும் ஒரு இங்கிலீஷ் கட்டுரை படிக்கிறார். படித்ததை அடுப்படியில் நின்று அம்மாவுக்குத் தமிழில் சொல்கிறார். "அம்மா டக்குனு 'சரி, அதனால என்னங்கிறான் அவன்?'னு கேட்பாங்க. அதுக்குப் பதில் சொல்ல முடியலைன்னா எனக்குப் புரியலைன்னு அர்த்தம்." எந்த கோச்சிங் சென்டரும் இந்தக் கேள்வியை இவ்வளவு கறாராகக் கேட்குமா தெரியவில்லை.

கோச்சிங் என்றதும் நினைவுக்கு வருகிறது. பெரிய சென்டர்களைத் தேடி சென்னைக்குப் போனால் 200 கிலோமீட்டர். வாராவாரம் போய் வருவது வீண் அலைச்சல் என்பது என் கருத்து. ஆன்லைனில் மாதிரித் தேர்வுகள் கிடைக்கின்றன. எழுதுவது இரண்டு மணி நேரம் என்றால், எதை விட்டிருக்க வேண்டும் என்று அலசுவது நாலு மணி நேரம் ஆக வேண்டும். முக்கியமாக, அட்டவணையும் புதிரும் வரும் லாஜிக் பகுதி. ஐந்து செட் கொடுத்தால், முதல் ஐந்து நிமிஷம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எதைத் தொடக்கூடாது என்று பார்ப்பது நல்லது.

புத்தகங்களுக்கு நம்ம ஊரிலேயே வழி உண்டு. 1998-ல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சி வழக்கமாக ஜூலையில் நடக்கும். பூனை கேட்டுக்கு விண்ணப்பம் தொடங்குவது ஆகஸ்ட்டில். டைமிங் பிரமாதம். ஆனால் ஒன்று: போட்டித் தேர்வு ஸ்டாலில் பத்து குண்டுப் புத்தகங்களை அள்ளி வந்து அலமாரியில் அடுக்குபவர்கள் அதிகம். கணக்குக்கு ஒன்று, லாஜிக்குக்கு ஒன்று போதும். மிச்சக் காசில் நாலு கட்டுரைப் புத்தகம் வாங்குங்கள்.

ரெண்டு கேட்டையும் எழுதலாமா? பூனை கேட் நவம்பர் கடைசியில், இன்ஜினீயரிங் கேட் பிப்ரவரியில். ஒரே வருஷத்தில் ரெண்டும் என்றால் விழி பிதுங்கும். இப்போது மூன்றாம் ஆண்டிலேயே இன்ஜினீயரிங் கேட் எழுதலாம், ஸ்கோர் மூன்று வருஷம் செல்லும். அதை முதலில் முடித்துவிட்டு ஃபைனல் இயரில் பூனையைப் பிடிக்கலாம். ஒரு எச்சரிக்கை: பொதுத்துறை நிறுவனங்கள் எந்த வருஷ ஸ்கோர் வேண்டும் என்பதை விளம்பரத்திலேயே சொல்லிவிடும். பழைய ஸ்கோர் எல்லா இடத்திலும் எடுபடாது.

காசு விஷயம். அகமதாபாத்தில் இரண்டு வருஷத்துக்கு 25 லட்சத்துக்கு மேலேயே ஆகும். கேட்டதும் அப்பாக்கள் நாற்காலியைப் பிடிப்பார்கள். எஸ்.பி.ஐ. ஸ்காலர் லோன் போன்ற திட்டங்களில் ஐ.ஐ.எம்.களுக்கு அடமானம் இல்லாமலே கடன் உண்டு. அகமதாபாத் மட்டும்தான் என்றும் இல்லை. 2011-ல் தொடங்கிய திருச்சி ஐ.ஐ.எம்., சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி. ஆகியவற்றின் மேலாண்மைப் படிப்புக்கும் இதே ஸ்கோர்தான்.

தேர்வுக் கட்டணம் 2024-ல் 2,500 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அதில் பாதி. பி.சி., எம்.பி.சி. மாணவர்கள் கவனிக்க: கையில் இருக்கும் மாநிலச் சாதிச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். கிரீமி லேயர் கணக்கில் பொதுத்துறை நிறுவனத்தில் அப்பா என்ன பதவி என்பதும் வரும் என்பதால், என்.எல்.சி. வீட்டுப் பிள்ளைகள் ஆகஸ்ட்டுக்கு முன்பே தாலுகா ஆபீசில் விசாரித்துவிடுங்கள். தேர்வு ஊருக்கு ஆப்ஷன் கேட்பார்கள், யோசித்துக் கொடுங்கள். சென்னையோ திருச்சியோ விழுந்து, காலை எட்டரை மணி ஷிஃப்ட்டும் வந்துவிட்டால் முதல் நாளே கிளம்பியாக வேண்டும். மொத்தம் மூன்று ஷிஃப்ட், எது என்பது உங்கள் கையில் இல்லை. நெய்வேலிக்காரர்களுக்கு அதெல்லாம் பழகியதுதான். நைட் ஷிஃப்ட் மட்டும் வைக்கவில்லை!