நூலுக்கு முன்னே ஒரு நுண்துளை

இராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். 1936ஆம் ஆண்டில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா அங்கு இராஜபாளையம் மில்லைத் தொடங்கியபோது, நூல் என்றால் பருத்தி நூலே. இன்று பருத்தியோடு பாலியஸ்டர் இழையைக் கலந்து நூற்பதும் நூற்பாலைத் தொழிலில் வழக்கமாகிவிட்டது. பள்ளிச் சீருடைகள் பலவும் இத்தகைய கலப்பு நூலால் நெய்யப்பட்டவையே. பருத்தி கரிசல் மண்ணில் விளைகிறது. பாலியஸ்டரோ கச்சா எண்ணெயிலிருந்து பிறக்கிறது. அவ்வெண்ணெய் இழையாக மாறும் நெடுவழியில், தலைமுடியின் தடிமனில் ஓர் இலட்சத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத அகலமுள்ள துளைகள் முக்கியமான ஒரு பணியைச் செய்கின்றன.

பாலியஸ்டரின் மூலப்பொருள் பாரா-சைலீன். பென்சீன் வளையத்தில் இரண்டு மீத்தைல் தொகுதிகள் இணைந்திருந்தால் அது சைலீன். அவை அடுத்தடுத்து இருப்பின் ஆர்த்தோ, ஓரிடம் விட்டு இருப்பின் மெட்டா, நேரெதிரே இருப்பின் பாரா. இம்மூன்று மாற்றியங்களுக்கும் வாய்பாடு ஒன்றே. ஆயினும், நேரெதிர் முனைகளைக் கொண்ட பாரா மட்டுமே நீண்டு நேராகச் செல்லும் சங்கிலியாகக் கோக்கப்பட்டு வலிமையான இழையைத் தரும். எண்ணெய் ஆலையிலிருந்து கிடைக்கும் கலவையிலோ மெட்டாதான் ஏறத்தாழப் பாதி. பாரா கால் பங்களவே. கொதிநிலையைக் கொண்டு பிரிக்கலாம் என்றால், மெட்டா 139 டிகிரி செல்சியசிலும் பாரா 138 டிகிரியிலும் கொதிக்கின்றன. குளிர்வித்தால் பாரா 13 டிகிரியிலேயே உறைவதால் அதைத் தனியே எடுத்துவிடலாம். எஞ்சிய மெட்டாவையும் ஆர்த்தோவையும் என்ன செய்வது? அவற்றையும் பாராவாக மாற்றினால்தான் தொழில் கட்டுப்படியாகும்.

அமிலத் தன்மையுள்ள வினையூக்கி இம்மாற்றத்தைச் செய்யும். ஆனால், இடம் தாராளமாக இருந்தால் இரண்டு சைலீன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து, ஒன்றின் மீத்தைல் தொகுதியை மற்றொன்று பறித்துக்கொள்ளும். டொலுவீனும் மூன்று மீத்தைல் தொகுதிகளையுடைய பென்சீனும் உருவாகும், சைலீன் வீணாகும். ஆகவே, வினை நிகழவும் வேண்டும், இடம் நெருக்கடியாக இருக்கவும் வேண்டும். திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் பெருந்தேர் அகன்ற ரத வீதிகளில் உலா வரும். சிறு சந்துக்குள் நுழையாது. இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்த பருத்த இடைநிலை அத்தேர் போன்றது. தனி மூலக்கூறோ சந்துக்குள்ளும் நடமாடும் மனிதரைப் போன்றது. அத்தகைய சந்துகளால் ஆன படிகமே ஜியோலைட்.

ஜியோலைட் என்னும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் கொதிக்கும் கல் என்பது பொருள். சூடாக்கியபோது நீராவியை வெளியிட்டுப் பொங்கிய கனிமத்துக்கு 1756இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் கிரோன்ஸ்டெட் இப்பெயரைச் சூட்டினார். சிலிக்கான் அணு ஒவ்வொன்றையும் நான்கு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்து நான்முகியாக அமைகின்றன. நான்முகிகள் முனைகளில் இணைந்து கூடங்களையும் இடைவழிகளையும் எழுப்புகின்றன. சிலிக்கானின் இடத்தில் ஆங்காங்கே அலுமினியம் அமரும்போது சட்டகத்தில் ஓர் எதிர்மின்சுமை மிஞ்சும். அதை ஈடுசெய்ய ஹைட்ரஜன் அயனி வந்து தங்குமிடமே அமில மையம், அதாவது வினை நிகழும் இடம். இடைவழிகளின் உட்பரப்பைக் கணக்கிட்டால் ஒரு கிராம் படிகத்துக்கு 300 சதுர மீட்டரைத் தாண்டும்.

மொபில் நிறுவனம் 1972இல் காப்புரிமை பெற்ற இசட்.எஸ்.எம்-5 என்னும் செயற்கை ஜியோலைட்டில், நேர்வழிகளும் நெளிவழிகளும் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. அவற்றின் வாயில் ஏறத்தாழ 0.55 நானோமீட்டர் அகலமுடையது. இதனை ஆக்கும் முறை சமையலுக்கு நெருக்கமானது. சிலிக்கா, அலுமினிய உப்பு, எரிசோடா, நீர் ஆகியவற்றோடு நான்கு புரோப்பைல் தொகுதிகளைக் கொண்ட ஓர் அம்மோனிய அயனியையும் கலந்து கூழாக்குவர். மூடிய அழுத்தக்கலனில் 150 முதல் 180 டிகிரி வரையிலான வெப்பத்தில் சில நாள்கள் வைத்தால் படிகங்கள் விளையும். அந்த அயனியைச் சுற்றியே சட்டகம் எழுவதால் அது வார்ப்புரு எனப்படுகிறது. பின்னர்க் காற்றில் ஏறத்தாழ 550 டிகிரி வரை சுட்டால் வார்ப்புரு எரிந்து வெளியேற, அது இருந்த இடம் துளையாகிறது. எஞ்சும் சோடியத்தை அம்மோனியத்தால் மாற்றி மீண்டும் சூடாக்கினால், அம்மோனியா பிரிந்து ஹைட்ரஜன் அயனி நிற்கும். வெப்பமோ காலமோ சேர்மான அளவோ பிசகினால் வேறொரு படிகம் விளைந்துவிடும். பாலும் சர்க்கரையும் ஒன்றாயிருந்தும், கிளறும் பதம் தப்பினால் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா கிடைப்பதில்லை அல்லவா!

ஆய்வகத்தில் சில கிராம் விளைவிப்பது ஒன்று; ஆலைக்கு டன் கணக்கில் ஒரே தரத்தில் தருவது முற்றிலும் வேறு. அயல்நாட்டு வினையூக்கியை நம்பியிராமல் இந்தியா இதைத் தானே செய்ய முடியும் என்பதைப் புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகம் நிறுவிக் காட்டியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற பால் இரத்தினசாமி அம்முயற்சியை முன்னின்று நடத்தினார். அங்கு உருவான வினையூக்கியின் பெயர் என்சிலைட், என்.சி.எல். என்ற ஆய்வகத்தின் பெயர்ச்சுருக்கம் அதில் ஒலிக்கிறது. 1980களில் வடோதராவில் இருந்த இந்தியன் பெட்ரோகெமிக்கல்ஸ் ஆலையில் சைலீன்களை மாற்ற அது பயன்பட்டது. இரத்தினசாமி பின்னர் அவ்வாய்வகத்தின் இயக்குநரானார்; 2001இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். புனேயைச் சூழ்ந்த தக்காணப் பாறைகளில் இயற்கை ஜியோலைட்டுகள் அழகழகாகக் கிடைக்கின்றன. எனினும், இவ்வினைக்கு வேண்டிய துளையளவும் தூய்மையும் அமைய, படிகத்தை ஆய்வகத்தில் ஆக்கவே வேண்டியிருந்தது.

விளைந்தது விரும்பிய படிகந்தானா என்று அறிவது எவ்வாறு? எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சினால் அவை சிதறும் கோணங்கள் ஒவ்வொரு படிகத்துக்கும் கைரேகை போல் தனித்திருக்கும். ஆனால், அது கோடிக்கணக்கான அணுக்கூட்டங்களின் சராசரியே. ஒரு தனித் துளையை அது காட்டாது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் துளையைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெரியது. ஒளி நுண்ணோக்கிக்கு இங்கு வேலையில்லை. எலக்ட்ரான் கற்றையே துணை. அதிலும் ஓர் இடர் உண்டு. கற்றை வலுவானால் பிணைப்புகள் அறுந்து, படிகம் ஒழுங்கிழந்து கண்ணாடி போலாகிவிடும். கற்றையைக் குறைத்தால் படம் மங்கும். பார்க்கும் செயலே பார்க்கப்படும் பொருளை அழிக்கும் இந்நிலையில்தான், 1980இல் ஜான் மெய்ரிக் தாமசும் உடன் ஆய்ந்தோரும் ஜியோலைட்டின் கட்டமைப்பை உயர்பிரிதிறன் நுண்ணோக்கியால் படமெடுத்து வெளியிட்டனர்.

நெடுங்காலம் விடை தெளியாத ஒரு புதிர் எஞ்சியிருந்தது. பாரா-சைலீனின் குறுக்களவு ஏறத்தாழ 0.58 நானோமீட்டர். வாயிலோ 0.55 மட்டுமே. கணக்குப்படி அது நுழையக் கூடாது. ஆயினும் நுழைகிறது, மெட்டாவையும் ஆர்த்தோவையும்விடப் பன்மடங்கு விரைவாக. எலக்ட்ரான் கற்றை மாதிரியைக் கடக்கையில் எவ்வளவு நுட்பமாக விலகுகிறது என்பதை அளந்து, குறைந்த கதிர்வீச்சிலேயே கார்பன் போன்ற இலேசான அணுக்களையும் காட்டும் முறை அண்மையில் உருவாகியுள்ளது. அம்முறையால் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இசட்.எஸ்.எம்-5 துளைக்குள் ஒற்றைப் பாரா-சைலீன் மூலக்கூறு திசைகாட்டி முள்போலக் கிடப்பதை 2021இல் படமாக்கினர். மறு ஆண்டில் பென்சீனைச் செலுத்திப் பார்த்தனர். மூலக்கூறு படுத்திருக்கும் திசையில் துளையின் வாய் நீண்டு கொடுத்தது. அண்டைத் துளைகள் அதற்கேற்பச் சற்றே ஒடுங்கின. படிகத்தின் மொத்த அளவோ மாறவில்லை. நான்முகிகள் விறைப்பாகவே நிற்க, அவற்றை இணைக்கும் ஆக்சிஜன் மூட்டுகள் கதவின் கீல்போல் அசைந்து கொடுக்கின்றன.