வால்சக்கர விமானம் தரையில் சுழல்வது ஏன்?

விமானம் தரையைத் தொட்டதும் பயணம் முடிந்துவிட்டதென்று கருதுவது நம் வழக்கம். வாலின் அடியில் சிறு சக்கரம் பூட்டிய இலகுரக விமானங்களுக்கு இக்கருத்துப் பொருந்தாது. பிரதான சக்கரங்கள் இரண்டும் முன்னே, சிறு சக்கரம் பின்னே என அமைந்த இவ்வகை விமானம், செவ்வனே இறங்கிய பின்னரும், ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கையில் திடீரெனத் திரும்பித் தன்னைத்தானே சுற்றிக்கொள்வதுண்டு. விமானிகள் இதனைக் 'கிரவுண்டு லூப்' என்பர்; நாம் 'தரைச்சுழல்' எனலாம். சுழலும்போது வெளிப்புற இறக்கை தாழ்ந்து தரையில் உராயும். சக்கரத்தைத் தாங்கும் கால் முறியவும் கூடும். உயிர்ச்சேதம் அரிதே. ஆயினும் ஒரு பயிற்சிச் சங்கத்தின் விமானம் நெடுநாள் முடங்க இவ்வொரு கணமே போதும்.

நம் நாட்டுக்கு இது புதியதன்று. பெங்களூரில் டாக்டர் காட்கே வடிவமைத்து 1951-இல் முதன்முதலாகப் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானமும், 1958-இல் பறந்து பின்னர்ப் பறக்கும் சங்கங்கள் பலவற்றில் பயன்பட்ட புஷ்பக் விமானமும் வால்சக்கரம் உடையவையே.

காரணம் யாது?

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். சற்றுக் கனமான பொம்மை மோட்டார் வண்டி ஒன்றின் பின்சக்கரங்களைச் சுழலாதபடி நூலால் கட்டி, சரிவான வழவழப்புப் பலகையின் மேலிருந்து விடுக. வண்டி பக்கவாட்டில் திரும்பி, பின்புறம் முன்னாகச் சறுக்கி வரும். முன்சக்கரங்களைக் கட்டி, பின்சக்கரங்களை அவிழ்த்துவிட்டாலோ நேராகவே இறங்கும்.

உருளும் சக்கரம் முன்னும் பின்னும் எளிதில் ஓடும். பக்கவாட்டில் நகர மறுக்கும். இப்பிடிப்பு ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருப்பின், வண்டி சற்றுக் கோணினாலும் நேராக்கப்படும். முன்னால் இருப்பின், கோணல் மேலும் வளரும். வால்சக்கர விமானத்தில் ஈர்ப்பு மையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் உள்ளது. மூக்கு சிறிது திரும்பினாலும் பின்னுள்ள பாரம் நேரே செல்ல முயல்கிறது, சக்கரங்கள் தடுக்கின்றன, திருப்பம் பெருகுகிறது. ஆகவே இக்குணம் விமானத்தின் அமைப்பிலேயே உள்ளது.

காற்றும் வேகமும்

பக்கக் காற்று வீசினால் வாலின் செங்குத்துத் தகடு காற்றாடிபோலச் செயல்பட்டு, மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பும். வேகம் தணியத் தணியச் சுக்கானின் வலிமையும் குன்றும். அவ்வேளையில் திசையைக் காப்பவை வால்சக்கரமும் பிரேக்குமே. பிரேக்கை அளவு மீறி அழுத்தினாலோ விமானம் மூக்குக் குப்புறக் கவிழக்கூடும்.

காற்றில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் விமானத்தைக் கருதுக. எதிர்காற்று 10 கிலோமீட்டராயின் தரைவேகம் 60; பின்காற்று அவ்வளவாயின் 80. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலின், பின்னதில் அது ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. காற்றை எதிர்த்தே இறங்குக என்ற விதியின் பொருள் இதுவே.

மற்றொரு விபத்து துள்ளல். பிரதான சக்கரங்கள் வலிந்து தரையில் மோதினால், பின்னுள்ள பாரம் வாலைக் கீழே தள்ளும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் மிகும்; தூக்குவிசை மிகுந்து விமானம் மீண்டும் எழும்பும். மூன்று சக்கரங்களும் ஒருங்கே தரையைத் தொடுமாறு, வேகம் முற்றும் தணிந்தபின் இறங்குவது இதனால்தான்.

விமானியின் கடமை

திருப்பம் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றிய பின் திருத்துவது பயன்தராது. மூக்கு அசைந்த கணமே சுக்கானைச் சிறிது மிதித்து, உடனே விடுவித்தல் வேண்டும். மூன்று சக்கரங்களும் தரையில் அமர்ந்தபின் கட்டுப்பாட்டுக் கோலைத் தன்பக்கம் இழுத்து, வால்சக்கரத்தைத் தரையில் அழுத்தி வைத்தலும் தேவை.

மூக்கின்கீழ்ச் சக்கரம் பூட்டினால் ஈர்ப்பு மையம் பிரதான சக்கரங்களுக்கு முன்னே வந்துவிடுகிறது. விமானம் தானே நேராக ஓடுகிறது. 1956-இல் விற்பனைக்கு வந்த செஸ்னா 172 இவ்வகையினது. இன்று பயிற்சி விமானங்களுள் பெரும்பாலானவை இவ்வமைப்பையே பின்பற்றுகின்றன. ஆயினும் கரடுமுரடான தரையில் உந்துசுழலிக்கும் நிலத்துக்கும் இடையே போதிய இடைவெளி தருவதாலும், எடை குறைவதாலும், வால்சக்கரம் இன்னும் மறையவில்லை. அதனை ஓட்டுவோர் மனத்தில் கொள்ளத்தக்க விதி ஒன்றே: சக்கரங்கள் அசைவற்று நிற்கும்வரை பயணம் முடிவதில்லை.