கர்ணம், முன்சீப், கிராம நிர்வாக அலுவலர்: இணைந்த பணிக்குப் பெயரிடல்

இரு பணிகள் ஒருவரிடம் சேரும்போது பழைய பெயர்களை இணைத்து வழங்கலாம். ஒன்றன் பெயரை மற்றதற்கும் விரிக்கலாம். இரண்டையும் அடக்கும் பொதுச்சொல்லைத் தேடலாம். தமிழக வருவாய்த்துறையின் ஊர்நிலைப் பதவி மூன்றாம் வழியில் பெயர் பெற்றது. அதன் காரணம் சொல்லாராய்ச்சியைவிட உரிமை வரலாற்றில்தான் தெளிவாகத் தெரிகிறது.

1980 வரை திருச்சிராப்பள்ளி உள்ளிட்ட மாவட்டங்களில் ஊரின் அரசுப்பணி பெரும்பாலும் இருவரிடம் இருந்தது. கர்ணம் கணக்கெழுதினார், முன்சீப் அல்லது மணியக்காரர் வரி தண்டினார், ஊர்க்காவலுக்கும் பொறுப்பேற்றார். கர்ணம் என்பது செய்யும் தொழிலையே சுட்டும் பெயர். சோழர் கல்வெட்டுகளில் ஆவணம் எழுதும் கரணத்தானோடு உறவுடையது. முன்சீப் அவ்வாறன்று. நீதி வழங்குபவர் எனப் பொருள்படும் இந்த அரபுச்சொல், சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரத்தை ஊர்த்தலைவருக்கு அளித்த 1816ஆம் ஆண்டுச் சென்னை ஒழுங்குவிதியால் இப்பதவிக்கு வந்தது. வழக்குத் தீர்த்தல் அவர் பணியில் சிறுகூறு, வரித்தண்டலே பெரும்பகுதி. ஆயினும் சிறுகூற்றின் பெயர் முழுமைக்கும் ஆயிற்று. அதே ஆண்டுச் சீர்திருத்தத்தில் குற்றவியல் நடுவர் அதிகாரம் பெற்ற கலெக்டர், வரி தண்டுபவர் என்ற பழம்பெயரோடே தொடர்ந்தார். ஒரே ஆண்டில் ஒருவர் புதுப்பணியால் பெயர் பெற, மற்றவர் புதுப்பணி பெற்றும் பெயர் மாறவில்லை என்பது கருதத்தக்கது.

இப்பதவிகளின் வாரிசுரிமையை 1895ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் உறுதிசெய்திருந்தது. அதன் முதன்மைப் பிரிவொன்று அரசியலமைப்புக்கு முரணானது என உச்சநீதிமன்றம் 1961இல் ஆந்திர வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் 1968இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. எனினும் பகுதிநேரப் பதவிகள் நீடித்தன. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச்சட்டத்தால் அவற்றை ஒழித்து, முழுநேரப் பணியாக ‘கிராம நிர்வாக அலுவலர்’ பதவியை உருவாக்கியது. 1981இல் இது சட்டமாயிற்று. 1982இல் உச்சநீதிமன்றம் கே. ராஜேந்திரன் வழக்கில் அதை ஏற்றது.

ஒழிக்கப்பட்ட பதவியின் பெயரைப் புதியவருக்குச் சூட்டியிருந்தால் ‘கர்ணம் வீடு’, ‘மணியக்காரர் வீடு’ என ஊரில் நிலைத்த குடும்ப உரிமையும் உடன்வந்திருக்கும் எனக் கருத இடமுண்டு. இப்பெயர்கள் பதவியையன்றிக் குலத்தையும் வீட்டையும் சுட்டத் தொடங்கியிருந்தன. ‘நிர்வாகம்’ என்ற சொல்லுக்கு அத்தகைய பழம்பற்று இல்லை. கணக்கு, தண்டல், பிறப்பு இறப்புப் பதிவு, சான்றிதழுக்கான அறிக்கை, பயிராய்வு அனைத்தும் அதனுள் அடங்கும். அண்டைக் கர்நாடகம் கிராமக் கணக்கர் எனப் பொருள்படும் பெயரை நெடுங்காலம் வைத்திருந்தது. அங்குப் பணி விரிந்தும் பெயர் கணக்கிலேயே நின்றது.

பொதுச்சொல்லுக்கு ஒரு விலையும் உண்டு. எழுதுபவரும் தண்டுபவரும் வெவ்வேறானவர் என்பதைப் பழம்பெயர்கள் வெளிப்படையாக அறிவித்தன. ஒருவர் கணக்கை மற்றவர் பணத்தோடு ஒப்பிட வழியிருந்தது. இருவரும் உறவினராயிருந்த ஊர்களில் அது பெயரளவினதே எனலாம். அடங்கலும் சிட்டாவும் தண்டல் பதிவும் ஒரே கைக்கு வந்தபின், ஒப்புநோக்கு முழுமையாக வருவாய் ஆய்வாளரையும் ஆண்டுதோறும் நடைபெறும் ஜமாபந்தியையும் சார்ந்தது. ‘நிர்வாகம்’ என்ற சொல் இந்த மாற்றத்தைக் காட்டுவதில்லை.

மக்கள் வழக்கில் முழுப்பெயர் வேரூன்றவில்லை, ‘வி.ஏ.ஓ.’ என்ற ஆங்கிலச் சுருக்கமே நின்றது. அவருக்குக் கீழுள்ள தலையாரிக்குக் ‘கிராம உதவியாளர்’ எனப் புதுப்பெயர் தரப்பட்டது. காவிரிக்கரை ஊர்களின் பேச்சில் அவர் இன்றும் தலையாரிதான்.