புதுச் செயினும் வழுக்குவது ஏன்?

மும்பை வாழ் தமிழர்களில் எத்தனையோ பேருக்குச் சைக்கிள்தான் வாகனம். சிலருக்கு அதுவே பிழைப்பு. தாராவியிலிருந்து விடியற்காலையில் பெரிய பாத்திரத்தில் இட்லியும் சட்னியுமாக, ஹாரன் அடித்துக்கொண்டு புறப்படும் நம்மவர்களைப் பார்க்காத மும்பைவாசி இருக்க முடியாது.

அப்படி ஒருவர் மேம்பாலத்தில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேரியரில் சுமை. சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிக்கிறார். ‘கடக்’ என்று ஒரு சத்தம். பெடல் திடீரெனக் கீழே போகிறது. கால் நழுவி, நெஞ்சு ஹேண்டில்பாரில் மோதி, வண்டி சாய்கிறது. பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? இட்லி கொட்டினால் ஒரு நாள் வருமானம் போகும். ஆளுக்கு ஏதாவது ஆனால் குடும்பமே நிலைகுலையும்.

பிறகு அவர் சைக்கிள் கடைக்குப் போவார். அங்கே நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“அண்ணாச்சி, போன வாரம்தான் புதுச் செயின் மாட்டினேன். மாட்டின பிறகுதான் ரொம்ப வழுக்குது. மட்டமான செயினைக் கொடுத்திட்டீங்களே!”

“செயின்ல குத்தமில்ல தம்பி. பிரீவீல் பல்லைப் பாரு. பழைய செயின் அதைத் தின்னுட்டுப் போயிருக்கு.”

அண்ணாச்சி சாக்குச் சொல்லவில்லை. அவர் சொன்னதுதான் உண்மை.

செயின் நீளுமா?

‘செயின் இழுத்துவிட்டது’ என்று சொல்கிறோம். ஆனால் இரும்பு ரப்பரைப் போல இழுபடுவதில்லை. செயினின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு புஷ்; அதற்கு மேல் ஓர் உருளை. 1880-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் கண்ட அமைப்பு இது. மிதிக்கும்போது பின்னும் புஷ்ஷும் உராய்ந்து தேய்கின்றன. ஒரு மூட்டில் ஒரு தாளின் கனம் தேய்ந்தால் அது பெரிதில்லை. நூற்றுக்கு மேற்பட்ட மூட்டுகளும் அப்படியே தேய்ந்தால் செயின் கிட்டத்தட்ட அரை அங்குலம் நீண்டுவிடும்.

பல்லுக்குப் பல் உள்ள இடைவெளி அரை அங்குலம். நீண்ட செயின் அந்தக் கணக்கில் சரியாக உட்காராமல் பல்லின் மேல்புறம் ஏறி நிற்கும். பல பற்கள் பகிர்ந்துகொள்ள வேண்டிய பாரம் ஓரிரு பற்கள்மேல் விழும். அவை ஒரு பக்கமாகத் தேய்ந்து, கொக்கி போல வளையும். சாதாரண சைக்கிளில் முன் வீலுக்குப் பெரும்பாலும் 44 அல்லது 48 பல். பின்னால் பிரீவீலுக்கு 18 பல். குறைந்த பற்களைக் கொண்ட பிரீவீல்தான் முதலில் பலியாகிறது.

பழைய செயினும் பழைய பல்லும் சேர்ந்தே தேய்ந்ததால் ஒன்றுக்கொன்று எப்படியோ பொருந்தி ஓடுகின்றன. அளவு சரியான புதுச் செயினை அந்த வளைந்த பல்லில் மாட்டினால், அது உட்காராமல் துள்ளுகிறது. புதுச் செயின் வழுக்கும் ரகசியம் இதுதான்.

ஸ்கேல் ஒன்று போதும்

அலுவலக மேஜையில் கிடக்கும் 12 அங்குல ஸ்கேலே இதற்குப் போதும். பெடலைச் சற்று அழுத்திச் செயினை விறைப்பாக்குங்கள். ஒரு பின்னின் மையத்தில் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். அதையும் சேர்த்து எண்ணினால் 25-வது பின்னின் மையம் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் தாண்டியிருந்தால் செயினை மட்டும் மாற்றுங்கள், பற்கள் தப்பிவிடும். மூன்று மில்லிமீட்டர் தாண்டிவிட்டால் பிரீவீலையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். முன் வீலின் பற்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேல் இல்லையா? முன் வீலின் முன்புறத்தில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பாதிப் பல் தெரிகிற அளவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் செயினின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

செயின் தொய்ந்தால் பின் சக்கரத்தை இழுத்து டைட் செய்வதும், ஒரு கண்ணியைக் கழற்றிவிடுவதும் வழக்கம். இதனால் தொய்வு போகும்; தேய்வு போகாது. கண்ணுக்குத் தெரிந்த அடையாளம் மறைந்துவிடுவதால், செயின் பல்லைத் தின்பது நமக்குத் தெரியாமலே தொடரும். இரண்டாவது முறை டைட் செய்யும்போதாவது அளந்து பார்ப்பது நல்லது.

வழுக்கலெல்லாம் ஒன்றல்ல

‘கடக்’ என்று துள்ளினால் பல்லோ செயினோ காரணம். சத்தமே இல்லாமல் பெடல் வெறுமனே சுற்றி, வண்டி நகராவிட்டால் கோளாறு பிரீவீலுக்கு உள்ளே. இந்தி பேசும் மெக்கானிக்குகள் ‘குத்தா’ என்று சொல்லும் சிறு நாக்குகள் அழுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அவற்றின் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். செயினை மாற்றி இதற்குப் பயனில்லை. செயின் ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு முறை மட்டும் துள்ளினால், இறுகிப்போன கண்ணி எங்கோ இருக்கிறது. கியர் சைக்கிளில் செயின் தானாகப் பக்கத்துப் பல்சக்கரத்துக்குத் தாவினால், முதலில் கியர் கேபிளின் இறுக்கத்தைப் பாருங்கள்.

மழைக்காலக் கவனம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழையில் சேறும் மணலும் செயினில் ஏறுகின்றன. எண்ணெயோடு கலந்த மணல் அரம் போல உராயும். நனைந்து வந்த அன்றே செயினைத் துணியால் துடையுங்கள். வாரம் ஒரு முறை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அழுக்கை எடுத்து, காயவிட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். சிறிது நேரம் கழித்து வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்ய வேண்டிய இடம் மூட்டின் உள்ளேதான். வெளியே இருப்பது தூசியைத்தான் பிடிக்கும். மோட்டார் கராஜில் கிடைக்கும் கழிவு எண்ணெய் வேண்டாம். அதில் இரும்புத் தூள் கலந்திருக்கும்.

செயினை உரிய காலத்தில் மாற்றினால் செலவு ஒன்று. காலம் கடத்தினால் செயின், பிரீவீல், முன் வீல் என்று மூன்று. வழியில் விழுந்தால் அதற்குக் கணக்கே இல்லை. ஷிப்ட் முடிந்து வந்ததும் இன்றைக்கே ஒரு முறை ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.