புல்லுக்கும் ஓய்வு வேண்டும்



தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் இடையே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருக்கிறது பீர்க்கன்கரணை. 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்படும் வரை அது ஒரு பேரூராட்சி. அங்கே ஓர் ஏரி உண்டு. அந்த ஏரிக்கரை போன்ற ஓரிடத்திலோ, உங்கள் ஊர்ப் புறம்போக்கிலோ கோடைக்காலத்தில் ஒருநாள் குனிந்து தரையைப் பாருங்கள். தரையோடு தரையாக ஒட்டிக்கிடக்கும் அருகம்புல், நடுநடுவே வெறும் மண், ஓரத்தில் எருக்கஞ்செடி, அதற்கப்பால் சீமைக் கருவேல முட்புதர். ஆடும் மாடும் மேயும் நிலங்கள் பலவற்றிலும் இந்தக் காட்சிதான்.

நம் முன்னோர்கள் ஊர்தோறும் மாடுகளுக்கென்று நிலம் ஒதுக்கி வைத்தார்கள். மேய்க்கால் புறம்போக்கு என்று பழைய நிலப்பதிவேடுகள் அதைக் குறிப்பிடும். சென்னை நகருக்குள்ளேயே மந்தைவெளி என்று ஓர் இடம் இருக்கிறதல்லவா? மந்தை நின்ற வெளி அது. பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது; வெளி போய்விட்டது. வெளி மிஞ்சியிருக்கும் ஊர்களிலோ, பெரும்பாலும் புல் போய்விட்டது.

போன புல்லை மீண்டும் கொண்டுவர முடியுமா? முடியும். ஆனால் அதற்கு முதலில் வேண்டியது விதையும் அல்ல, உரமும் அல்ல. வேறு என்ன? அதைத் தெரிந்துகொள்ள, புல் எப்படி வாழ்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

மேய்ந்தாலும் சாகாத செடி

ஒரு வேப்பங்கன்றின் நுனியை ஆடு கடித்துவிட்டால் கன்றின் வளர்ச்சி தடைப்படுகிறது. ஏனென்றால் அதன் வளரும் மொட்டு நுனியில் இருக்கிறது. புல்லின் கதை வேறு. இளம் புல்லின் வளரும் பகுதி மண்ணை ஒட்டி, அடியில் பத்திரமாக இருக்கிறது. மாடு மேலே உள்ள தாளைத் தின்றாலும், அடியிலிருந்து புதிய தாள் மேலே வந்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் மாடு எவ்வளவு மேய்ந்தாலும் புல்லுக்குக் கவலை இல்லை என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் தவறு செய்கிறோம்.

புல்லின் பச்சைத் தாள்தான் அதன் சமையலறை. சூரிய ஒளியில் அங்கே தயாராகும் உணவில் ஒரு பங்கு வேருக்குப் போகிறது. சமையலறையையே இடித்துவிட்டால் வேர் என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் பிராங்க்ளின் கிரைடர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர். பலவகைப் புற்களை வளர்த்து, தாள்களை வெவ்வேறு அளவில் வெட்டி, வேர்களைக் கவனித்தார். 1955-இல் அவருடைய முடிவுகள் வெளியாயின. தாளில் 40 சதவீதம் வரை வெட்டியபோது வேர் பொதுவாகத் தடையின்றி வளர்ந்தது. 80 சதவீதத்தை ஒரே முறை வெட்டியபோது வேர் வளர்ச்சி 12 நாட்கள் அடியோடு நின்றது. 90 சதவீதம் வெட்டியபோது 17 நாட்கள் நின்றது!

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு புல்லை இன்று மாடு ஒட்ட மேய்கிறது. நான்காம் நாள் துளிர்க்கிறது. ஐந்தாம் நாள் அந்தத் துளிரை ஆடு கரும்புகிறது. வேருக்கு அந்த 17 நாட்கள் எப்போது கிடைக்கும்? கிடைப்பதே இல்லை. வேர் ஆழம் போவதில்லை. கோடை வந்து மேல்மண் காய்ந்ததும் புல் செத்துப்போகிறது. மேய்ந்ததால் அது சாகவில்லை. மேய்ந்தபின் ஓய்வு இல்லாததால் சாகிறது.

புல் போனால் என்ன போகும்?

மாட்டுக்குப் பிடித்த புல்தான் முதலில் மறையும். மாடு தொடாத எருக்கும், ஆவாரையும், துடைப்பப் புல்லும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தின்பவர் இல்லாத செடிக்குப் போட்டி ஏது?

அடுத்தது மண்ணின் முறை. புல் மூடிய மண்ணில் மழைத்துளி தாளின்மேல் விழுந்து மெல்ல இறங்கும். வேர்கள் உண்டாக்கிய சிறுசிறு துளைகள் வழியே நீர் உள்ளே போகும். வெறும் மண்ணிலோ, துளி நேராக அறைந்து மண்துகளைச் சிதறடிக்கும். துகள்கள் துளைகளை அடைத்து, மேலே ஓடு போல இறுகிவிடும். பிறகு பெய்யும் மழை உள்ளே இறங்காமல் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடும். எங்கே ஓடும்? ஏரிக்குத்தான்! மேட்டில் புல் அழிந்தால் பள்ளத்தில் ஏரி தூர்ந்துபோவது இப்படித்தான்.

கொறங்காடு சொல்லும் பாடம்

சென்னைப் புறநகரில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. திருப்பூர் மாவட்டத்துக் காங்கேயம் பகுதியில் கிடைப்பது ஏறக்குறைய அதில் பாதிதான். நிலமும் கல்லும் சரளையுமான செம்மண். ஆனால் நாடறிந்த காங்கேயம் காளைகளை வளர்த்த மண் அது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைப் பேணியதற்குப் பெயர் பெற்றது. இத்தனை வறண்ட நிலம் அத்தனை வலிய மாட்டை எப்படி வளர்த்தது?

அங்கே கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலங்கள் உண்டு. திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களில் இவற்றை இன்றும் காணலாம். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும், அதனோடு நரிப்பயறு போன்ற பயறுவகைக் கொடிகளும். ஆங்காங்கே வெள்வேல மரங்கள். கோடையில் புல் காய்ந்திருக்கும்போது வெள்வேலங்காய் ஆடுகளுக்குத் தீனியாகும். பயறுவகைச் செடிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். மாடு போடும் சாணம் அங்கேயே எருவாகும்.

கொழுக்கட்டைப் புல்லைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். அது நம் கம்புப் பயிரின் நெருங்கிய உறவு. அதன் வேர் 2 மீட்டருக்கும் கீழே போகக்கூடியது. மழை இல்லாதபோது காய்ந்த தூராக உறங்கிக் கிடந்து, மழை விழுந்ததும் துளிர்த்துவிடும்.

இவை அனைத்தையும்விட முக்கியமானது வேலிதான். காட்டைப் பல துண்டுகளாக வேலியால் பிரித்து, மாடுகளை ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு மாற்றி விடுகிறார்கள். ஒன்றில் மேயும்போது மற்றவை ஓய்வெடுக்கின்றன. கிரைடர் ஆராய்ந்து கண்டதை, காங்கேயத்து உழவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்!

அழிந்த நிலத்தை மீட்பது எப்படி?

முதல் வேலை, நிலத்தை மூடுவது. சில பருவங்களுக்கு ஆடுமாடு உள்ளே வராமல் காக்க வேண்டும். பழைய புல்லின் தூரும் விதையும் மண்ணில் மிஞ்சியிருந்தால், அதுவே போதும்; புல் தானாகத் தலைதூக்கும்.

இரண்டாவது, நீரை நிறுத்துவது. சரிவுக்குக் குறுக்கே சிறு வரப்புகளும் குழிகளும் வெட்டினால் ஓடும் நீர் தங்கி ஊறும்.

மூன்றாவது, சீமைக் கருவேலத்தை அகற்றுவது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் இது. வெட்டினால் மட்டும் போதாது. அடிக்கட்டையிலிருந்து மீண்டும் பல கிளைகளாய் வெடிக்கும். வேரோடு தோண்டி எடுக்க வேண்டும்.

நான்காவதுதான் விதைப்பு. கொழுக்கட்டைப் புல்லின் விதை பஞ்சு போன்ற மென்முட்களுக்குள் இருக்கும். காற்றில் பறந்துவிடும், எறும்பும் தூக்கிப்போகும். ஆகவே களிமண், சாணம், மணல் ஆகியவற்றோடு பிசைந்து சிறு உருண்டைகளாக்கி, மழை தொடங்கும் சமயத்தில் தூவுகிறார்கள். ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். புதிதாகப் பறித்த விதை உடனே சரியாக முளைக்காது. பல மாதங்கள் உறக்கநிலையில் இருக்கும். இது குறையல்ல, தற்காப்பு. மழைக்காலக் கடைசியில் உதிர்ந்த விதை உடனே முளைத்தால் வரும் கோடையில் கருகிவிடுமே!

முதல் ஆண்டில் மாட்டை விடக்கூடாது. புல் விதை உதிர்த்தபின் அரிவாளால் அறுத்து எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் மேய்க்கலாம், ஆனால் பாதி மாட்டுக்கு, பாதி புல்லுக்கு.

ஊருக்கேற்ற புல்

எல்லா நிலத்திலும் கொழுக்கட்டைப் புல்லையே விதைத்தால் என்ன? கூடாது. இதே புல்லைத் தீவனத்துக்காக அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்குள்ள பாலைநிலச் செடிகள் இடைவெளி விட்டு வளர்பவை. ஆகையால் தீ பரவாது. கொழுக்கட்டைப் புல் அந்த இடைவெளிகளை நிரப்பியது. காய்ந்த புல்லில் தீப்பற்றி, தீயைத் தாங்கத் தெரியாத பெருங்கள்ளிகள் கருகின. இங்கே செல்வமான புல் அங்கே களையாயிற்று. எந்த நிலத்துக்கு எந்தப் புல் சொந்தமோ அதையே அங்கே வளர்க்க வேண்டும்.

வேலி யார் போடுவது?

இனிதான் கடினமான கேள்வி வருகிறது. கொறங்காடு ஒருவரின் சொந்த நிலம். அவர் வேலி போடலாம். புறம்போக்கு நிலத்துக்கு யார் வேலி போடுவது? சொந்த நிலம் இல்லாமல் நான்கு ஆடுகளை மட்டுமே நம்பி வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப்பாருங்கள். "மூன்று ஆண்டுகள் இங்கே மேய்க்காதே" என்றால் அவர்கள் எங்கே போவார்கள்?

இதற்கு ஒரு விடை ஹரியானாவின் சுகோமாஜ்ரி கிராமத்தில் கிடைத்தது. சிவாலிக் குன்றுகளின் அடியில் உள்ள சிற்றூர் அது. மழையளவு நம் சென்னைப் புறநகரைப் போன்றதே. ஆனால் ஆடுமாடுகள் ஓயாமல் மேய்ந்து குன்றுகள் மொட்டையாகிவிட்டன. அரித்த மண் சண்டிகரின் சுக்னா ஏரியில் போய் நிரம்பியது. 1958-இல் உண்டாக்கிய அந்த ஏரியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் 1970-களுக்குள் தூர்ந்துவிட்டது!

மண் பாதுகாப்பு விஞ்ஞானி பி.ஆர். மிஸ்ரா ஊராரோடு பேசினார். 1970-களின் பிற்பகுதியில் குன்றடியில் சிறு மண் அணைகள் கட்டப்பட்டன. அணைநீரில் எல்லாக் குடும்பங்களுக்கும் சம பங்கு, நிலமற்ற குடும்பத்துக்கும் கூட. குன்று மொட்டையாக இருந்தால் தங்கள் அணையும் தூர்ந்துபோகும் என்பதை ஊரார் உணர்ந்தனர். குன்றில் மேய்ப்பதைத் தாங்களே நிறுத்திக்கொண்டனர். கம்பி வேலி இல்லை, காவலாளி இல்லை. இதைச் "சமூக வேலி" என்றார்கள். புல் திரும்பியது. ஊரில் ஆடுகள் குறைந்து, அறுத்துப் போட்ட புல்லைத் தின்னும் எருமைகள் பெருகின. ஏரிக்கு வரும் மண்ணும் வெகுவாகக் குறைந்தது.

இழப்பவருக்கும் பங்கு கொடுத்ததால்தான் வேலி நின்றது. இதை மறக்கக்கூடாது.

நீங்களே செய்து பாருங்கள்

மூன்று தொட்டிகளில் ஒரே அளவு மண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் பத்துக் கம்பு மணிகளை விதையுங்கள். ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். மூன்று வாரம் ஆனபின், முதல் தொட்டியை அப்படியே விடுங்கள். இரண்டாம் தொட்டியில் வாரம் ஒருமுறை தாளில் பாதியை மட்டும் கத்தரியுங்கள். மூன்றாம் தொட்டியில் வாரம் ஒருமுறை ஒரு விரற்கடை மட்டும் விட்டு ஒட்ட வெட்டுங்கள். மேலும் மூன்று வாரம் கழித்து, தொட்டிகளை நீரில் ஊறவைத்து மண்ணைக் கழுவி வேர்களை வெளியே எடுங்கள். நீளத்தை அளந்து, நிழலில் உலர்த்தி எடை போட்டுக் குறித்து வையுங்கள்.

பிறகு ஏரிக்கரைக்கு மீண்டும் போய், தரையோடு ஒட்டிக்கிடக்கும் அந்தப் புல்லைப் பாருங்கள். அதன் வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று தோண்டாமலே உங்களால் சொல்ல முடியும். அங்கே ஆடு மேய்க்கும் பெரியவரிடம் பேச்சுக் கொடுங்கள். முன்பு என்னென்ன புல் இருந்தது, எந்த மாதத்தில் எங்கே மேய்த்தார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிலத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம் அதுதான்.