உங்களுக்குத் தெரியுமா? ஒரு பொய் காப்பாற்றிய மீன்

‘பாரசைட்’ படத்துக்காக ஆஸ்கரை அள்ளிய போங் ஜூன்-ஹோவின் ‘ஸ்நோபியர்சர்’, தென்கொரியாவில் 2013 ஆகஸ்டிலேயே திரைக்கு வந்துவிட்டது. அமெரிக்க ரசிகர்களோ 2014 ஜூன் 27 வரை காத்துக்கிடந்தார்கள். அங்கே விநியோக உரிமையை வாங்கியிருந்த ஹார்வி வைன்ஸ்டீன், சுமார் 20 நிமிடத்தை வெட்டச் சொன்னதுதான் காரணம். போங் மசியவில்லை.

அதிலும் ஒரு காட்சி வைன்ஸ்டீனுக்கு அறவே பிடிக்கவில்லை. ஓடும் ரயிலுக்குள் கோடாரியோடு நிற்கும் முகமூடி ஆட்கள், சண்டைக்கு முன்னால் ஒரு பெரிய மீனைக் கிழித்துக் கோடாரியில் ரத்தம் பூசும் இடம் அது. “எங்கப்பா மீனவர். இந்தக் காட்சி அவருக்கு என் காணிக்கை” என்று ஒரே போடாகப் போட்டார் போங். குடும்பப் பாசம் என்றதும் வைன்ஸ்டீன் இறங்கிவந்தார், காட்சி பிழைத்தது. போங்கின் அப்பா மீனவரே அல்ல, கிராஃபிக் டிசைனர்! 2019இல் ஒரு பேட்டியில் போங்கே போட்டு உடைத்த ரகசியம் இது.

கடைசியில் 126 நிமிடப் படம் வெட்டு விழாமல் வெளிவந்தது. ஆனால், அவ்வளவு பெரிய அமெரிக்காவில் முதலில் கிடைத்தவை வெறும் 8 தியேட்டர்கள். இரண்டே வாரத்தில் வீட்டிலேயே காசு கட்டிப் பார்க்கவும் விட்டுவிட்டார்கள்.