எரிபொருள் கொண்டுசெல்வோர் அறிக்கை

எரிபொருள் கொண்டுசெல்வோர் அறிக்கை என்பது ஐக்கிய அமெரிக்காவில் பெட்ரோல், டீசல் முதலிய எரிபொருள்களை எடுத்துச் செல்லும் நிறுவனங்கள் மாநில வருவாய்த் துறைக்கு அளிக்கும் கணக்கு ஆகும். பெரும்பாலான மாநிலங்களில் இது மாதந்தோறும் அளிக்கப்படுகிறது. இதை அளிக்கும் நிறுவனம் எரிபொருளின் உரிமையாளர் அன்று. பொதுவாக எரிபொருள் வரியைச் செலுத்தும் பொறுப்பும் அதற்கு இல்லை. எனினும் விற்றவர் கணக்கையும் வாங்கியவர் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் மூன்றாம் சாட்சியாக இவ்வறிக்கை அமைகிறது.

பின்னணி

எரிபொருளுக்கு முதன்முதலில் வரி விதித்த மாநிலம் ஓரிகன் ஆகும் (1919, கேலனுக்கு ஒரு சென்ட்). வரி வீதத்தை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது. டெக்சாசில் 1991 முதல் கேலனுக்கு 20 சென்ட். கலிபோர்னியாவில் 2025 நிலவரப்படி பெட்ரோலுக்கு இதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. 8,000 கேலன் ஏற்றிய ஒரே லாரிக்கு டெக்சாசு வரி மட்டும் 1,600 டாலர். ஆகவே சரக்கு எங்கே இறக்கப்பட்டது என்பது சிறிய செய்தியன்று.

1980களில் நியூயார்க் பகுதியில் நடந்த மோசடிகள் புகழ்பெற்றவை. ஒரே சரக்கு பல பெயரளவு நிறுவனங்களுக்குக் காகிதத்தில் மட்டும் கைமாறும். வரி கட்டவேண்டிய நிறுவனம் கட்டாமலேயே மறைந்துவிடும். உண்மையில் எரிபொருளோ கிடங்கிலிருந்து நேராக விற்பனை நிலையத்திற்குச் சென்றிருக்கும். இதனால் நடுவண் அரசு வரி வசூலைச் சேமிப்புக் கிடங்கின் வாயிலுக்கே மாற்றியது (பெட்ரோலுக்கு 1988, டீசலுக்கு 1994). பல மாநிலங்களும் இம்முறையைப் பின்பற்றின.

அறிக்கையின் உள்ளடக்கம்

ஒவ்வொரு சுமைக்கும் ஏற்றிய இடம், இறக்கிய இடம், நாள், சரக்குச் சீட்டின் எண், விற்றவர், வாங்கியவர், அளவு ஆகியவை தனித்தனியே குறிக்கப்படும். மாநிலத்திலிருந்து வெளியே சென்றவை, வெளியிலிருந்து வந்தவை, மாநிலத்திற்குள்ளேயே நகர்ந்தவை என மூன்று பட்டியல்கள் உண்டு.

எரிபொருள் வகைகளுக்குப் பொதுவான குறியெண்கள் பயன்படுகின்றன. பெட்ரோல் 065, சாயமிடாத டீசல் 160, சாயமிட்ட டீசல் 228. பின்னிரண்டும் எரியும் தன்மையில் ஒன்றே. வேளாண் இயந்திரங்களுக்கும் வீடுகளைச் சூடாக்கவும் வரியின்றி விற்கப்படும் டீசலுக்குச் சிவப்புச் சாயம் சேர்க்கப்படுகிறது. அதைச் சாலையில் ஓடும் லாரிக்கு ஊற்றுவது வரி ஏய்ப்பு.

அளவைக் குறிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. வெப்பத்தில் எரிபொருள் விரிவதால், ஏற்றியபோது இருந்த மொத்தக் கேலனும், 60 பாரன்ஃகைட் வெப்பநிலைக்குத் திருத்திய நிகரக் கேலனும் வேறுபடும். எனவே இரண்டையும் தனித்தனியே கேட்கும் மாநிலங்கள் உள்ளன.

பாதை மாற்றம்

சரக்குச் சீட்டில் சேருமிடமாக ஒரு மாநிலம் குறிக்கப்பட்டு, வண்டி வேறு மாநிலத்தில் இறக்கப்படுவதுண்டு. குளிர்காலத் தட்டுப்பாடு போன்ற நியாயமான காரணங்களும் இதற்கு இருக்கலாம். பல மாநிலங்களில் இத்தகைய மாற்றத்தைத் தெரிவித்து ஓர் எண்ணைப் பெற்றுச் சீட்டில் எழுத வேண்டும். வரியும் அதற்கேற்ப மாற்றிக் கணக்கிடப்படும்.

நடுவண் அறிக்கையுடன் தொடர்பு

கிடங்கு நடத்துவோரும், குழாய்வழியாகவும் கப்பல், படகு வழியாகவும் கொண்டுசெல்வோரும் நடுவண் வருவாய்ப் பணித்துறைக்கும் மாத அறிக்கை அளிக்கின்றனர். லாரிகள் அதில் அடங்கா. கிடங்கின் வாயிலைத் தாண்டிய லாரி எங்கே சென்றது என்பதற்கு மாநில அறிக்கையே முதன்மைச் சான்று.